வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு ஜாவா லோடு

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் பாதியில் எனக்கே எரிச்சல் வந்துவிடும். ஆனால் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலை பஸ்ஸின் கண்டக்டரிடம் அப்படித் தப்பிக்க முடியவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்குகிறவன், சாயங்காலம் அதே பையோடு திரும்பி ஏறுகிறவன், என்னதான் செய்கிறான் என்று அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

"இன்னா சார், கீழ ஆபீஸா?"

"இல்லைங்க. ஒரு லோடு ஏத்தணும். மேல சிக்னல் பத்தல."

"லோடு எங்க கீது?"

பையைத் தட்டிக் காட்டினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட்டை நீட்டினார். மறுமுறை நான் ஏறியபோது டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்காரச் சொன்னார். "பின்னாடி ஆட்டம் ஜாஸ்தி சார். உங்க மிஷின் கெட்டுடப் போவுது." அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் என் பெயர் லோடு சார்.

அந்த லோடு என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஜாவா என்கிற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். அப்போது எங்களிடம் இருந்தது பல ஊர்களில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியின் வேலை. ஒரு கடையில் இல்லாத மருந்து பக்கத்து ஊரில் எந்தக் கடையில் இருக்கிறது என்று கவுன்டரில் நிற்கிற பையனோ பெண்ணோ கேட்டால் உடனே பதில் வர வேண்டும். அந்தப் பதிலைச் சொல்கிற சேவையை நான் எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது, அதை ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இமேஜ் என்பார்கள். நான் பெட்டி என்றே சொல்கிறேன். அடியில் லினக்ஸ் என்கிற ஒரு குட்டி இயங்குதளம், அதன்மேல் ஜாவா, அதன்மேல் நூலகங்கள் என்று யார் யாரோ எழுதிவைத்துப் புண்ணியம் கட்டிக்கொண்ட ரெடிமேட் நிரல்கள், அதோடு நான் எழுதியது. இந்தப் பெட்டியை இணையம் வழியாக ஒரு கிடங்குக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து கன்டெய்னர் பிளாட்ஃபார்ம் என்கிற ஏற்பாடு அதை எடுத்து ஓடவிடும். ஓடுகிறதா, மூச்சு இருக்கிறதா என்று அதுவே அடிக்கடி எட்டிப் பார்க்கும். செத்துப்போனால் இன்னொன்றை எழுப்பிவிடும். பெரிய கம்பெனிகளில் பெட்டியைக் கட்டவும் ஏற்றவும் தனி இயந்திரம் வைத்திருப்பார்கள். எங்களிடம் அதெல்லாம் கிடையாது. அவரவர் லேப்டாப்பில் அவரவர் கட்டி அவரவரே ஏற்ற வேண்டும்.

சென்னையில் இருந்தவரை இது ஒரு விஷயமே இல்லை. பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன், வரும்போது ஏறியிருக்கும். நான் மலைக்கு வந்த பிறகுதான் பெட்டிக்கு எடை உண்டு என்று தெரிந்தது.

மலைக்கு வந்தது மனைவிக்காக. நாங்கள் இரண்டு பேரும் களமருதூர்ப் பக்கத்துக்காரர்கள். அவள் நர்ஸ். பரீட்சை எழுதி, காத்திருந்து, மறுபடி எழுதி, ஒருவழியாக அரசாங்க வேலை கிடைத்தபோது வெள்ளிமலையில் போட்டார்கள். சில வருஷம் அங்கே முடிக்காமல் மாற்றல் கேட்க முடியாது. கைக்குழந்தையோடு அவள் மலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். நான் சென்னையில் ஒரு ரூமில் இருந்தேன். மாதம் ஒருமுறை போவேன். ஒருமுறை போயிருந்தபோது பாப்பா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். வெளியே வரவே இல்லை. அன்று திரும்பி பஸ்ஸில் இறங்கும்போது நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் கம்பெனியில் சண்டை போட்டேன். எனக்கு முன்கோபம், அது கம்பெனிக்கே தெரியும். அந்தச் சண்டையில் எனக்காகப் பேசியது எங்கள் டீம் லீட் மேடம்தான். வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும், வேலை கெடாது, நான் பொறுப்பு என்று மேனேஜரிடம் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நான் மலை ஏறியிருக்க முடியாது.

வந்த முதல் மாதம் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். பேசுவதற்கும் மெயில் பார்ப்பதற்கும் வெள்ளிமலையில் சிக்னல் போதும். பெரிய சரக்கை மேலே ஏற்றத்தான் போதாது. பாதி ஏறும், அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஐப்பசி மழை வந்தால் முதலில் கரன்ட் போகும், கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். போனை ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தேன். மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். "அப்படியே அந்தப் பலாமரத்துல ஏறி உக்காந்துக்கோங்க, சோத்த அங்கயே குடுத்தனுப்பறேன்" என்றாள் மனைவி.

மரம் ஏறுவதற்குப் பதிலாக மலை இறங்கினேன். மேலே ஏறமாட்டேன் என்கிற பெட்டியைக் கீழே கொண்டுபோய் ஏற்றினால் என்ன என்று தோன்றியது. நான் இறங்குகிற நாளில் மனைவி பாப்பாவை டியூட்டிக்குக் கூடவே தூக்கிக்கொண்டு போவாள். காலையில் வீட்டிலேயே கட்டிக்கொள்வேன். பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கேபிள் நெட் நன்றாக இருக்கும். கடை அக்காவிடம் கேட்டு லேப்டாப்பில் ஒயரைச் செருகிக்கொள்வேன். ஏறி முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்.

அந்த ஏற்பாடு எவ்வளவு நன்றாக ஓடியது என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. வளைவுகளில் எனக்கு வயிற்றைப் புரட்டும். கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து வந்த ஒரு அம்மா ஒருநாள் இடுப்பிலிருந்து நெல்லிக்காய் எடுத்துக் கொடுத்து, மென்றுகொண்டே வரச் சொன்னார். அப்புறம் நான் ஏறுகிற நாளெல்லாம் யாராவது ஒருவர் நெல்லிக்காயோ எலுமிச்சையோ நீட்டினார்கள். ஜெராக்ஸ் கடை அக்கா எனக்காக மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிட்டார். ஒருமுறை சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகியும் ஏற்றம் முடியவில்லை. நான் பையைக் கட்டுவதா வேண்டாமா என்று தவித்தபோது அக்கா கண்டக்டருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வண்டி கெளப்பிட்டியா? கொஞ்சம் நிறுத்து. உன் லோடு சார் இங்கதான் கீறாரு. இன்னும் ஏறல."

பஸ் நின்றது. நான் ஓடிப்போய் ஏறியபோது உள்ளே இருந்த ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "ஏறிடுச்சா சார்?" என்று கண்டக்டர் மட்டும் கேட்டார். ஏறிவிட்டது என்றேன். எல்லாருக்கும் ஒரு திருப்தி.

இவ்வளவு பேர் இவ்வளவு நன்றாக உதவியதில் ஒரு கோளாறு நடந்தது. என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. பெட்டி ஏன் இவ்வளவு கனக்கிறது என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. சிரமம் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

கடைகளில் சேவை ஓட ஆரம்பித்ததும் சிக்கல் ஆரம்பித்தது. புதிதாக ஓட விட்ட எதிலும் சின்னச் சின்னப் பிழைகள் வரத்தான் செய்யும். மருந்தின் பெயரில் புள்ளி வந்தால் தேடல் தடுக்கி விழுந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வரி மாற்ற வேண்டும். நான் அந்த ஒரு வரியை மாற்றி, பெட்டி கட்டி, பஸ்ஸைப் பிடித்து, கீழே போய் ஏற்றுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மறுநாள் இன்னொரு பிழை, இன்னொரு பஸ். மூன்றாவது தடவை பஸ் கிடைக்கவில்லை. சென்னையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனை வைத்து மேனேஜர் சரிசெய்துவிட்டார். அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"ஒரு வரி மாத்த ஒரு நாளா?" என்றார் மேனேஜர். குரலை உயர்த்தவில்லை. "உங்க வேலையில குறை இல்ல. ஆனா இன்னொரு தடவை இங்கேருந்து வேற ஆள் சரி பண்ண வேண்டி வந்தா, நீங்க சென்னைக்கு வந்துடணும். லீட் மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீட்டில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். மனைவி யூனிபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். வேறு வேலை தேடலாமா என்றேன். வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி இன்னொன்று கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று நானே பதிலும் சொன்னேன். அவள் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

"போவணும்னா போங்க. நாங்க இருந்துக்குவோம்."

அவ்வளவுதான் சொன்னாள். அவ்வளவு சுலபமாகச் சொல்கிறாளே என்று எனக்கு வலித்தது. பாப்பா என் காலைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இனி அடுத்த பிழையைப் பொறுத்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் எழுதுகிற நிரலில் அடுத்த பிழை வராமல் இருக்காது.

இரண்டு நாள் கழித்து மறுபடி கீழே போனேன். ஜெராக்ஸ் கடையில் அன்று கூட்டம். ஏதோ சான்றிதழ் ஏற்றுவதற்குக் கடைசி நாள். என் பெட்டி பாதி ஏறியிருந்தபோது அக்கா வந்தார்.

"தம்பி, உங்கள்த கொஞ்சம் நிறுத்துங்க. இவ்ளோ பேரு நிக்கிறாங்க. நெட்டெல்லாம் நீங்களே இழுத்துக்கினு கீறீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அது அவருடைய நெட், அவருடைய கடை, ஸ்டூல்கூட அவருடையது. நிறுத்தினேன். ஒயரைப் பிடுங்கிவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், திரையில் ஏற்கெனவே ஓடியிருந்த வரிகளை மேலே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோகாதவன் பொட்டலக் காகிதத்தைப் படிப்பானே, அந்த மாதிரி.

ஒவ்வொரு தடவையும் ஓடுகிற வரிகள்தான். பெட்டி ஒரே துண்டாக ஏறுவதில்லை, அடுக்கடுக்காக ஏறும். லினக்ஸ் அடுக்குக்கு நேராக "ஏற்கெனவே இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஜாவா அடுக்குக்கு நேராகவும் அப்படியே. கிடங்கில் இருப்பதை அது திரும்ப ஏற்றுவதில்லை. கடைசி அடுக்கு மட்டும்தான் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏன் அவ்வளவு பெரிது என்று பார்த்தேன். நூலகங்களையும் நான் எழுதியதையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தேன். நூலகங்கள் மலை மாதிரி. நான் எழுதியது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மொத்த மூட்டையும் புதிது என்று நினைத்துக்கொண்டு முழுசாக ஏறியது. இத்தனை மாதமாக நான் பஸ்ஸில் இறக்கியதெல்லாம், ஒரு தடவை ஏற்றினால் மறுபடி தொடவே வேண்டாத சரக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. சான்றிதழோடு நின்ற ஒரு பெண் தன் அம்மாவின் பக்கம் தள்ளி நின்றுகொண்டாள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பெட்டியைப் பிரித்துக் கட்டினேன். நூலகங்களுக்குத் தனி அடுக்கு, அது அடியில். நான் எழுதியதற்குத் தனி அடுக்கு, அது உச்சியில். அடிக்கடி மாறுவது மேலே, மாறாதது கீழே. அவ்வளவுதான் சூட்சுமம். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை, புத்தகத்தில் இருக்கிறது, தொழிலில் பலருக்கும் தெரியும். நானும் எப்போதோ படித்திருப்பேன். சென்னையில் இருந்தால் ஒருநாளும் தேவைப்பட்டிருக்காது. கூட்டம் குறைந்ததும் அக்கா வந்து ஒயரை என் கையில் கொடுத்தார்.

"இன்னா தம்பி, நிறுத்தச் சொன்னதுக்குக் கோச்சிக்கினீங்களா?"

"இல்லக்கா. நீங்க நிறுத்தச் சொன்னது நல்லதாப் போச்சு."

அவருக்கு அது புரிந்திருக்காது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. பெரிய அடுக்கைக் கடைசித் தடவையாக அங்கே ஏற்றிவிட்டு மலைக்குத் திரும்பினேன்.

மறுநாள் நல்ல வெயில். வீட்டிலிருந்தே வெறும் ஒரு வரியை மாற்றி ஏற்றிப் பார்த்தேன். போனில் ஒரு போட்டோ அனுப்புகிற அளவுதான், போய்விட்டது. லீட் மேடத்திடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் அவசரப்படவில்லை. "வெயில்ல போச்சு சரி. மழையில போகுதான்னு பாத்துட்டு சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசறேன்" என்றார். எனக்கும் வெயிலை நம்பிப் பழக்கமில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லி, மழையில் சொதப்பினால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

மழை அந்த வாரமே வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டி, காலையிலும் விடவில்லை. மனைவி குடை பிடித்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். கரன்ட் இல்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை என்று பால் ஊற்றுகிறவர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் லீட் மேடம் கூப்பிட்டார்.

"சர்வீஸ் செத்துச் செத்து எழுந்துட்டிருக்கு. கடையெல்லாம் திறந்தாச்சு. நேத்து புதுசா நிறைய கடை சேத்தாங்க, அதுலேருந்துதான்."

எனக்கு உடனே பிடிபட்டது. கவுன்டரில் ஒருவர் ஒரு மருந்தைக் கேட்டால், என் நிரல் எல்லாக் கடைகளின் மொத்த இருப்பையும் நினைவகத்தில் வாரிப்போட்டுக்கொண்டு அதில் தேடும். கடை கொஞ்சமாக இருந்தவரை சமாளித்தது. கடைகள் கூடியதும் பெட்டிக்கு என்று ஒதுக்கிய நினைவகத்தை மீறியது. மீறினால் பிளாட்ஃபார்ம் இரக்கமே பார்க்காது, கழுத்தை நெரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பும். எழுந்ததும் அதுவும் வாரிப்போட்டுக்கொண்டு சாகும். கேட்ட மருந்தை மட்டும் எடு என்று சில வரிகள் மாற்றினால் போதும்.

"நான் இங்க இருக்கறவங்கள வெச்சுப் பண்ணட்டுமா?" என்று கேட்டார். அப்படிப் பண்ணினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கொஞ்சம் டைம் குடுங்க மேடம்."

"மேனேஜர் வர்றதுக்குள்ள முடிச்சிருங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வது அந்த நேரத்தில் அவர்தான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

வீட்டில் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல் இருந்தது, நெட் சுத்தமாக இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் பாதிக்கும் கீழே. மனைவி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இன்வெர்ட்டர் உண்டு, டவரும் அதற்குப் பக்கம். லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையைப் பல்லால் பிடிக்காத குறையாக நடந்தேன். என்னை முதலில் பார்த்தது பெரிய சிஸ்டர். மனைவிக்கு மேலே இருப்பவர், ஓய்வு பெறப் போகிற வயசு.

"இன்னா தம்பி, கொழந்தைக்கு ஜொரமா?"

"இல்லைங்க சிஸ்டர். ஆபீஸ் வேலை. கொஞ்சம் கரன்ட் வேணும்."

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தராசு வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் பிளக் இருந்தது. தராசைத் தள்ளிவைத்து என்னை உட்காரச் சொன்னார். மனைவி உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள், வேலையை விடவில்லை. பெஞ்சில் மாத்திரைக்குக் காத்திருந்த ஒரு மலைக்காரப் பெண் கேட்காமலேயே பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலையைத் துவட்டினார்.

வரிகளை மாற்றினேன். கட்டச் சொன்னேன். அது ஏதோ ஒரு நூலகத்தில் புதிது வந்திருக்கிறதா என்று பார்க்க இணையத்துக்கு ஓடி, அங்கேயே நின்றுவிட்டது. வெளியே எங்கும் போகாதே, கையில் இருப்பதை வைத்துக் கட்டு என்று கட்டளையில் ஒரு எழுத்தைச் சேர்த்தேன். கட்டியது. போனை மேசையின் ஓரத்தில் நிறுத்திவைத்து ஏற்ற ஆரம்பித்தேன்.

லினக்ஸ், ஏற்கெனவே இருக்கிறது. ஜாவா, ஏற்கெனவே இருக்கிறது. நூலகங்கள், ஏற்கெனவே இருக்கிறது. உச்சி அடுக்கு மட்டும் கிளம்பியது. கொஞ்சம் போய் நின்றது. போனில் சிக்னல் ஒரு கோடு இருந்தது, அதுவும் போனது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, போ கண்ணு, போ கண்ணு என்று அந்தக் கைப்பிடிச் சரக்கைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கோடு திரும்பி வந்தது. நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. முடிந்தது.

அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை. பிளாட்ஃபார்ம் புதுப் பெட்டியை எழுப்பி, தயாராகிவிட்டாயா என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் கடைகளை அதன் பக்கம் திருப்பும்.  பிறகு மேடத்திடமிருந்து போனில் எழுத்தாக வந்தது. "சாகறது நின்னுடுச்சு. எல்லாக் கடையும் பேசுது. இனிமே சென்னைக்கு வாங்கன்ற பேச்சு வராது, அத என்கிட்ட விட்டுடுங்க."

நான் மூச்சை விட்ட விதத்தைப் பார்த்துப் பெரிய சிஸ்டர் அருகே வந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது சிஸ்டர். இனிமே இங்கேருந்தே பாக்கலாம். சென்னைக்குப் போவ வேணாம்."

அவர் மனைவி இருந்த அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்ப அவகிட்ட சொல்லுங்க, இனிமே என்னைக் கேக்க வேணாம்னு."

"இன்னா கேட்டா?"

"வேலைய வுடறதுன்னா எத்தினி நாளுக்கு முன்னாடி சொல்லணும்னு கேட்டுக்கினு இருந்தா. நேத்தும் கேட்டா. ஒரு வாரம் பொறு, ஒரு வாரம் பொறுன்னு நான்தான் தள்ளிக்கினு வந்தேன். உங்ககூட வந்துடறதாச் சொன்னா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நாங்க இருந்துக்குவோம் என்று சொன்னவள். எத்தனை வருஷம் படித்து வாங்கிய வேலை என்று எனக்குத் தெரியும். முதல் தடவை தேறாமல் போனபோது அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் நான். என் வீட்டை நான்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி ஊசி டிரேயோடு வெளியே வந்தாள். பெரிய சிஸ்டர் நகர்ந்துவிட்டார்.

"இன்னாச்சு?"

"ஏறிடுச்சு. போவ வேணாம்னுட்டாங்க." பிறகு கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "வேலைய வுடப் பாத்தியா?"

அவள் பெரிய சிஸ்டர் போன பக்கம் ஒரு முறை முறைத்தாள்.

"பின்ன? நீங்க தனியாப் போனா அந்த ரூம்ல உக்காந்துக்கினு செவுத்துகிட்ட சண்ட போட்டுக்கினு கெடப்பீங்க. பாப்பா மறுபடி உங்கள மறந்துடும். நான் வேலைய வுட்டா நாலு நாள் அழுவேன், அப்புறம் எழுந்துடுவேன். எது கம்மின்னு பாத்தேன். இதான் கம்மி."

கையில் டிரே இருந்ததால் அவளால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. முகத்தைத் தோளில் ஒரு தரம் தேய்த்துக்கொண்டாள். உள்ளே யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

எனக்குக் கோபப்படத் தெரியும், நன்றி சொல்ல வாய் வராது. மலைக்காரப் பெண்ணிடமிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டேன். மழை விட்டதும் வீட்டுக்குப் போய், மத்தியானம் அவள் வருவதற்குள் சோறாக்கி வைத்தேன்.